வரம்பு வந்தது, வீடு வந்ததா?

1940ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளுக்கு முந்திய பன்னிரண்டு திங்களில், ஒரு பகுதியில் ஒரு வீட்டுக்கு என்ன குடிக்கூலி வழங்கிற்றோ, அதையே அடிப்படையாகக் கொண்டு நியாய வாடகையைக் கணக்கிடுக என்று சென்னை மாகாணத்தின் 1946ஆம் ஆண்டுச் சட்டம் தன் அலுவலருக்கு ஆணையிட்டது. இடையே ஓர் உலகப் போர் மூண்டு, எரிந்து, அடங்கியிருந்தது. அரிசி விலை ஏறிற்று, துணி விலை ஏறிற்று, செங்கல் விலை ஏறிற்று. வாடகை மட்டும் பழைய படியிலேயே நிற்க வேண்டும். வேண்டுமானால் அரைப்படி ஏறலாம் என்று சிறு கூடுதலுக்கு மட்டும் இடமளித்தது சட்டம். குடியிருப்போர் வாழ்த்தினர். வீட்டுக்காரர் வைதனர். அன்று தொடங்கிய வாழ்த்தும் வசையும் எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஓயவில்லை.

இந்தக் கதையைப் பெரம்பலூரிலும் அரியலூரிலும் வாழும் தோழர்கள் ஏன் எண்ணிப் பார்க்க வேண்டும்? சென்னையின் சந்துபொந்துகளுக்கு எழுதப்பட்ட சட்டமல்லவா அது என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் வீடு கட்டும் பொருளை நாட்டுக்கு வாரி வழங்கிய மண் இது. வாடகைச் சட்டம் எட்டிப் பார்க்காமல் விட்ட மண்ணும் இதுவே. மாவட்டத் தலைநகர் என்ற பட்டம் சூட்டப்பட்டபின் திடீரென்று வாடகை என்னும் சொல்லின் பொருளை உணர்ந்த மண்ணும் இதுவே. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் தலைநகரில் இருப்போர் காணாத ஓர் உண்மை இங்கிருந்து தெரிகிறது.

முதலில் சட்டத்தின் பிறப்பைப் பார்ப்போம். வாடகைக்கு வரம்பு கட்டுவது இரக்கத்தில் பிறந்த எண்ணமன்று, போரில் பிறந்தது. 1915இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், போர்க்கருவித் தொழிற்சாலைகளுக்கு ஆட்கள் வந்து குவிந்தனர். வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றினர். கணவன் போர்முனையில், மனைவி வீட்டு வாசலில், வெளியேற்ற வரும் அமீனா எதிரில்! மேரி பார்பர் என்ற பெண்மணி முன்னின்று நடத்திய வாடகை மறுப்புப் போராட்டத்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சேர்ந்தன. தொழிலாளர் சுத்தியலைக் கீழே வைத்தால் பீரங்கி வராது என்று கண்ட பிரிட்டிஷ் அரசு, அந்த ஆண்டின் இறுதிக்குள் வாடகையைப் போருக்கு முந்திய அளவில் நிறுத்திச் சட்டம் செய்தது. மூன்றாண்டு கழித்து, 1918இல் பம்பாயில் அதே போல் ஒரு சட்டம் வந்தது. சென்னையில், நீதிக்கட்சி ஆட்சிக் காலத்தில், 1921ஆம் ஆண்டின் நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இது வேறு வகை. பிறர் மனையில் தம் கைப்பொருளால் வீடு கட்டிக்கொண்டு மனைவாடகை செலுத்தி வந்தோரை நினைத்தபோது துரத்த முடியாதபடி காத்தது. அந்த மனையையே நீதிமன்றம் குறிக்கும் விலைக்கு வாங்கும் வழியையும் திறந்தது. எண்ணிப் பார்த்தால் இதுவே நம் நாட்டுச் சட்டங்களில் துணிவு மிக்கது. ஏன் என்பது பின்னர் விளங்கும்.

இரண்டாம் போர் வந்தது. 1941இல் இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ்ச் சென்னை வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை பிறந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் சப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்க, சென்னை மக்கள் மூட்டை முடிச்சோடு உள்நாட்டுக்கு ஓடினர். அரசு அலுவலகங்களே இடம் பெயர்ந்தன. கட்டுப்பாட்டு ஆணை கையில் இருக்கிறது, குடியிருக்க ஆளில்லை! அச்சம் நீங்கி மக்கள் திரும்பியபோது நிலைமை தலைகீழாயிற்று. போர் முடிவதற்குள் நாட்டின் மொத்த விலைவாசி இருமடங்கைத் தாண்டிவிட்டிருந்தது. இரும்பும் சிமெண்டும் போருக்குப் போயின. புதிய கட்டடம் எழவில்லை. நகரமோ நிரம்பி வழிந்தது. அந்த நெருக்கடிக்குத்தான் 1946 சட்டம் விடை. அதன் பின் 1949இல் ஒன்று. அதன் பின் 1960இல் ஒன்று. போர்க்கால அவசரத்துக்குப் போட்ட பந்தல், நிலையான மண்டபமாயிற்று.

1960 சட்டத்தைச் சற்று நின்று பார்ப்போம். ஏனெனில் 2019 வரை தமிழகத்து வாடகை வழக்குகள் அதைச் சுற்றியே நடந்தன. வீடு காலியானால் ஏழு நாட்களுக்குள் வீட்டுக்காரர் அதற்குரிய அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும். அரசு தன் ஊழியருக்கு வேண்டும் என்று சொன்னால் கொடுத்தாக வேண்டும். யாருக்காக எழுதப்பட்ட விதி என்பது சொல்லாமலே விளங்கும். ஊருக்கு மாற்றலாகி வரும் அலுவலருக்கு வீடு உறுதி. ஊருக்குப் பிழைக்க வரும் கூலியாளுக்கு அப்படி ஒரு விதி எழுதப்படவில்லை. குடியிருப்பவரை வெளியேற்றச் சட்டம் சொன்ன காரணங்கள் அன்றி வேறில்லை: வேண்டுமென்றே வாடகை பாக்கி வைத்தல், உள்வாடகைக்கு விடுதல், வீட்டுக்காரருக்கே வீடு தேவைப்படுதல், இடித்துக் கட்டுதல் போல்வன. நியாய வாடகை குறிக்கப்பட்டுவிட்டால் பிறகு ஏற்ற முடியாது. வீட்டுக்காரர் தம் செலவில் கூட்டிக் கட்டினாலோ திருத்தினாலோ, நகராட்சி வரியைக் கூட்டினாலோ ஒழிய, அந்த எண் அப்படியே நிற்கும்.

அந்த எண்ணை எப்படிக் கண்டனர்? 1973ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, குடியிருப்புக் கட்டடத்துக்கு மனை, கட்டடம் ஆகியவற்றின் மொத்த மதிப்பில் ஆண்டுக்கு நூற்றுக்கு 9. கடை போன்றவற்றுக்கு நூற்றுக்கு 12. எடுத்துக்காட்டாக, ஓர் இலட்ச ரூபாய் மதிப்புள்ள வீடென்றால் ஆண்டுக்கு 9,000, திங்களுக்கு 750. கணக்கு நேர்த்தியானதுதான். ஆனால் அந்த 750, பத்தாண்டுக்குப் பின்னும் 750. இருபதாண்டுக்குப் பின்னும் 750. இடையே விலைவாசி ஐந்து மடங்கானால், கொடுப்பவருக்கு அது 150 ரூபாய்க்குச் சமம்; வாங்குபவருக்கும் அப்படியே.

தோழர்கள் இங்கேதான் கூர்ந்து பார்க்க வேண்டும். பழைய குடியிருப்பாளர் அனுபவித்த மலிவு, சட்டம் அளந்து அளித்த சலுகையன்று. விலைவாசி அரித்து அளித்த சலுகை. சட்டம் வாடகையைக் குறைக்கவில்லை. எண்ணை நிறுத்தியது, பணத்தின் மதிப்பு தானாகக் கரைந்தது. ஆகவே அதிக நன்மை பெற்றவர் யார்? மிக ஏழை அல்லர். மிக நெடுங்காலம் ஒரே வீட்டில் இருந்தவர். முப்பதாண்டு ஒரே இடத்தில் கடை நடத்திய வணிகர் பெற்ற ஆதாயம், மூன்றாண்டுக்கு ஒருமுறை வேலை தேடி ஊர் மாறும் கொத்தனாருக்குக் கிடைக்கவே இல்லை. உள்ளே இருப்பவருக்குக் கேடயம். வெளியே நிற்பவருக்கு அதே கேடயம் கதவு.

வீட்டுக்காரரும் சும்மா இருந்தாரில்லை. ஒழுகும் கூரையை ஒழுகவிட்டார்; இடிந்தால் மனையாவது மிஞ்சும் என்று காத்திருந்தார். புதிதாகக் குடிவருவோரிடம் வாடகையைக் குறைத்து எழுதி, முன்பணத்தை ஏற்றி வாங்கினார். சட்டம் ஒரு திங்கள் வாடகையை முன்பணம் என்றது. சென்னை வழக்கம் பத்துத் திங்கள் என்றது. பம்பாயிலோ ‘பகடி’ என்ற பெயரில் வீட்டு விலையில் ஒரு பங்கே கைமாறிற்று. வீட்டுக்காரர் என்றதும் மாடமாளிகைச் சீமானைக் கற்பனை செய்துகொண்டு நாம் பேசுவது வழக்கம். சீமான்களும் இருந்தனர். ஆனால் கணவன் விட்டுச்சென்ற ஒரு வீட்டின் முன்கட்டை வாடகைக்கு விட்டு, பின்கட்டில் காலம் கழித்த கைம்பெண்களும் அதே சட்டத்தின்கீழ்தான் இருந்தனர். பொருளை வைத்துப் பேச வேண்டுமே தவிரப் பொம்மையை வைத்துப் பேசக் கூடாது.

இனி நம் ஊருக்கு வருவோம். 1960 சட்டம் சென்னைக்கும் நகராட்சிகளுக்கும் உரியது. பிற இடங்களுக்கு அரசு அறிவித்தால்தான் பொருந்தும். அந்நாளில் திருச்சி மாவட்டத்தின் ஊர்களாக இருந்த பெரம்பலூரும் அரியலூரும் நகராட்சிகள் அல்ல. புகைவண்டிப் பாதையில் அரியலூர். நெடுஞ்சாலையில் பெரம்பலூர், அதற்கு இன்றுவரை புகைவண்டியும் இல்லை. சுற்றிலும் மானாவாரி நிலம், வேர்க்கடலை, சோளம், பருத்தி. வாடகைக்கு வீடு தேடியவர் ஆசிரியர், கணக்கர், வட்ட அலுவலகத்து எழுத்தர் போன்ற சிலர். பெரும்பாலான மக்களுக்கு வீட்டுச் சிக்கல் வேறு உருவில் இருந்தது. நிலக்கிழாரின் மனையில் ஒரு குடிசை; அங்கே வாடகை ரூபாயில் அளக்கப்படவில்லை, பணிவில் அளக்கப்பட்டது. கூலி உயர்த்திக் கேட்டால் குடிசையைப் பிரித்துக்கொண்டு போ என்பார். அதற்கு ரசீது கிடையாது, நோட்டீசு கிடையாது.

அந்தக் குடிசைக்கு வந்த சட்டங்கள் இரண்டு. 1961இல் குடியிருப்பு அனுபவதாரரை வெளியேற்றாதபடி காக்கும் சட்டம். 1971இல், கலைஞர் ஆட்சியில், குடியிருப்பு மனையை அதில் வாழும் வேளாண் தொழிலாளிக்கே உடைமையாக்கும் சட்டம். நகரத்துச் சட்டத்துக்கும் இதற்கும் உள்ள வேற்றுமையைக் காணுங்கள். அங்கே வாடகைக்கு வரம்பு. இங்கே வாடகையே இல்லாமல் உரிமை. முன்பு சொன்ன 1921ஆம் ஆண்டுச் சட்டத்தின் துணிவும் இதுதான்: குடியிருப்பவனை வாடகையாளனாகவே என்றும் வைத்துக் காப்பதைவிட, காலடி மண்ணை அவனுடையதாக ஆக்கிவிடுவது. நகரத்தில் அந்த எண்ணம் மனைக்கு அப்பால் வளரவில்லை. சிற்றூரிலோ சட்டம் ஏட்டில் ஏறிய வேகத்தில் பட்டா கைக்கு ஏறவில்லை. ஆயினும் குடிசையைப் பிரி என்று சொல்லும் வாய் அதன் பின் சற்றுத் தயங்கிற்று.

வீடு இல்லாத இந்த வட்டாரத்தின் அடியில் என்ன இருந்தது? சுண்ணாம்புக்கல்! ஒரு காலத்தில் கடலாகக் கிடந்த மண் இது; நத்தையும் கிளிஞ்சலும் கல்லாகிக் கிடக்கின்றன. தெய்வத் திருவிளையாடல் என்று சிலர் கும்பிட்ட கற்களை நிலவியலார் பலகோடி ஆண்டுக் கணக்கில் படித்துச் சொன்னார்கள். 1939இல் அருகே கல்லக்குடியில் டால்மியா ஆலை எழுந்தது. 1953 சூலை 15இல் அந்த ஊரின் பெயருக்காகக் கலைஞர் தண்டவாளத்தில் தலைவைத்த வரலாறு தோழர்கள் அறிந்ததே. 1979இல் அரியலூரிலேயே தமிழ்நாடு சிமெண்ட் கழகத்தின் ஆலை. பின்னர் தனியார் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக. லாரி லாரியாகப் போயிற்று சிமெண்ட். புழுதி மட்டும் ஊரில் தங்கிற்று.

இந்தச் சிமெண்டுக்கும் ஒரு வரம்பு இருந்தது என்பதை இன்றைய இளைஞர் பலர் அறியார். போர்க்காலத்தில் தொடங்கி, இடையே சிறிது தளர்ந்து, மீண்டும் இறுகி, 1982 வரை நாடெங்கும் சிமெண்டின் விலையையும் பங்கீட்டையும் அரசே குறித்தது. மகளுக்கு ஓர் அறை கட்ட வேண்டுமா? பத்து மூட்டைக்கு மனு எழுது. அலுவலகம் ஏறி இறங்கு. பர்மிட் கிடைத்தால் கட்டு, கிடைக்காவிட்டால் கறுப்புச் சந்தைக்குப் போ. ஆலைப் புகை தெரியும் தொலைவில் குடியிருந்தவருக்கும் இதே விதி. பம்பாயில் கட்டட முதலாளிகளுக்குச் சிமெண்ட் ஒதுக்கி, தம் அறக்கட்டளைகளுக்கு நன்கொடை பெற்றார் என்ற வழக்கில் மராட்டிய முதலமைச்சர் அந்துலே 1982 சனவரியில் பதவி துறக்க நேர்ந்தது. ஒரு மூட்டைக்கு இரு விலை இருந்தால், இடையே உள்ள இடைவெளியில் ஆட்சியே விழும்! அடுத்த மாத இறுதியில் மைய அரசு கட்டுப்பாட்டைப் பாதி தளர்த்தியது. 1989 மார்ச்சில் முழுவதும் நீக்கியது. பத்தாண்டுக்குள் நாட்டின் உற்பத்தி இருமடங்கைத் தாண்டிற்று. பர்மிட்டு மனு பழங்கதையாயிற்று.

இதைக் காட்டித்தான் பொருளியல் வல்லார் சிலர் பேசினர்: சிமெண்டின் விலங்கை அவிழ்த்தீர், சிமெண்ட் பெருகிற்று, வாடகையின் விலங்கையும் அவிழுங்கள், வீடு பெருகும் என்று. கேட்கக் கவர்ச்சியான வாதம். பாதி உண்மையும் கூட. வாடகை கட்டுபடியாகாது என்றால் எவர் வாடகைக்கென வீடு கட்டுவார்? ஆனால் மறுபாதியைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மனையும் கட்டடமுமாக ஆறு இலட்ச ரூபாயில் ஒரு சிறு வீடு எழுகிறது என்று கொள்வோம். (ஆறு இலட்சத்துக்கு மனையே கிடைக்காது என்பீர்கள், இருக்கட்டும், கணக்கு எளிதாக.) போட்ட முதலுக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 6 வந்தால் போதும் என்று உரிமையாளர் பெருந்தன்மையோடு எண்ணினாலும் ஆண்டுக்கு 36,000, திங்களுக்கு 3,000. பழைய சட்டத்தின் நூற்றுக்கு 9 கணக்கில் 4,500. நாளுக்கு 500 ரூபாய்க் கூலி, திங்களில் 20 நாள் வேலை என்றால் தொழிலாளியின் கையில் 10,000. முதல் கணக்கில் பத்தில் மூன்று பங்கு போகிறது; இரண்டாவதில் பாதிக்கு அருகில் போகிறது. ஆக, வரம்பை வைத்தாலும் எடுத்தாலும், புதிதாகக் கட்டப்படும் வீட்டின் செலவே ஏழையின் கைக்கு எட்டவில்லை. சிமெண்டைப் பெருக்க ஆலை போதும். வீட்டைப் பெருக்க மண் வேண்டும். மண்ணுக்கு ஆலை கிடையாது.

இன்னொரு வேற்றுமையும் உண்டு: காலம். 1995 செப்டம்பர் 30இல் பெரம்பலூர் மாவட்டத் தலைநகராயிற்று. 2001 சனவரி முதல் நாள் அரியலூர் தனி மாவட்டமாயிற்று. 2002 மார்ச் 31இல் அது கலைக்கப்பட்டுப் பெரம்பலூரோடு சேர்ந்தது. 2007 நவம்பர் 23இல் மறுபடி மாவட்டமாயிற்று. அரசாணை ஒரு நாளில் வரும்; ஆட்சியர் அலுவலகம் வரும்; அதன் பின்னே காவல்துறை அலுவலகம், நீதிமன்றம், வழக்கறிஞர், வங்கி, கல்லூரி என்று ஆட்கள் வருவார்கள். எல்லாருக்கும் முதல் தேதிக்குள் வீடு வேண்டும். வீடோ, கடைக்கால் தோண்டிச் சுவரெழுப்பிக் கூரை போடவே ஓராண்டு கேட்கும். அரியலூரில் 2001இல் மாவட்டத்தை நம்பிக் கடன் வாங்கிக் கடைக்கால் எடுத்தவர் வீட்டை முடித்து வாடகைப் பலகை மாட்டும் நேரத்தில் மாவட்டமே காணாமற் போயிற்று! அப்படிச் சூடுபட்டவர் மறுமுறை எளிதில் முதல் போடுவாரா? வரத்து ஆணைக்குக் கட்டுப்படும். இருப்பு ஆணைக்குக் கட்டுப்படாது. இடைப்பட்ட காலத்தில் உயர்வது வாடகை ஒன்றே. அரசு ஊழியருக்கு வீட்டு வாடகைப் படி உண்டு. அவர் கூடுதலாகக் கொடுக்க முன்வருவார். அவரோடு போட்டியிட வேண்டியவர் துணிக்கடையில் நிற்கும் பெண்ணும், சிமெண்ட் ஆலைக்கு வடக்கிலிருந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளியும். 2022இல் பெரம்பலூர் மாவட்டத்து எறையூரில் சிப்காட் தொழிற்பூங்கா தொடங்கப்பட்டது. வேலைக்கு ஆள் எடுப்போர் வீட்டுக்கு என்ன வழி செய்தனர் என்று கேட்கும் உரிமை வட்டாரத்துக்கு உண்டு.

இங்கே ஓர் இடைப்பேச்சு. ஆடியில் குடிபுகக் கூடாது, மார்கழியில் குடிபுகக் கூடாது என்று அஞ்சுவோர் இன்னும் மிகுதி. பகுத்தறிவுத் தோழருக்கு அந்த இரு திங்களே நல்ல திங்கள்: வீடு காலியாகக் கிடக்கும், வீட்டுக்காரர் பேச்சுக்கு இணங்குவார். மூடநம்பிக்கை பிறருக்குத் தரும் நட்டத்தில் நமக்கு ஒரு தள்ளுபடி!

வேறு நாடுகள் என்ன செய்தன? ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவைப் பாருங்கள். முதல் உலகப் போரில் வாடகையை நிறுத்தி வைத்தனர்; போருக்குப் பின் வந்த பணவீக்கப் புயலில் அந்த வாடகை ஏறத்தாழ ஒன்றுமில்லாததாகக் கரைந்தது. வாடகைக்குக் கட்டுவதால் ஆதாயமில்லை என்றானதும் தனியார் கட்டடத் தொழில் படுத்தது. மனை விலை வீழ்ந்தது. சென்னை இங்கே நின்றுவிட்டது. வியன்னா நிற்கவில்லை. சமதர்மக் கட்சியின் கையிலிருந்த நகராட்சி, வீழ்ந்த விலைக்கு மனைகளை வாங்கிற்று; 1923இல் வீடு கட்டுவதற்கென்றே ஒரு தனி வரி போட்டது; மாளிகையில் வாழ்வோர் மிகுதியாகவும் சிறு வீட்டார் மிகக் குறைவாகவும் செலுத்தினர். 1934க்குள் 60,000க்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் கார்ல் மார்க்ஸ் மாளிகை அவற்றுள் ஒன்று. இன்றும் அதில் மக்கள் வாழ்கின்றனர். வரம்பு என்பது அங்கே முடிவன்று. வீடு கட்டி முடியும் வரை மக்களைக் காத்த தற்காலிகக் கூரை.

தமிழர் பலர் வாழும் சிங்கப்பூரில் 1947இல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. நம் சட்டத்துக்கு ஓராண்டு இளையது. 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அமைத்தனர். முதல் ஐந்தாண்டில் 50,000க்கும் மேற்பட்ட அடுக்கு வீடுகள். மனையை அரசே எடுத்துக்கொள்ள 1966இல் சட்டம். மக்களில் பெரும்பாலோர் கழக வீடுகளுக்குள் குடிபுகுந்த பின், 2001இல் பழைய வாடகைச் சட்டத்தை நீக்கினர். அழுவார் இல்லை; தேவையே மறைந்துவிட்டிருந்தது. இலங்கை வேறு வழி கண்டது: பீட்டர் கெனமன் வீடமைப்பு அமைச்சராக இருந்தபோது, 1972இல் வாடகைச் சட்டமும் 1973இல் வீட்டுடைமைக்கு உச்சவரம்புச் சட்டமும் வந்தன. ஒருவர் இத்தனை வீடுதான் வைத்திருக்கலாம். மிகுதியை அதில் குடியிருப்பவர் வாங்கலாம். கொழும்பில் வாடகையாளராகப் படுத்தவர் உரிமையாளராக எழுந்தனர். ஆனால் புதிய வீடு அதனால் மட்டும் பெருகவில்லை.

தமிழகத்திலும் வீடு கட்டாமல் இருந்தோம் என்று சொல்ல முடியாது. 1961இல் வீட்டுவசதி வாரியம். 1970இல் குடிசை மாற்று வாரியம். ஆயிரமாயிரம் குடும்பங்கள் ஓலையிலிருந்து கான்கிரீட்டுக்கு ஏறின. ஆனால் வாடகைச் சட்டத்தை நடத்தியது ஒரு கை, வீடு கட்டியது வேறு கை. இரண்டும் கலந்து பேசியதில்லை. வாரியம் எத்தனை வீடு கட்டினால் வரம்பை எத்தனை தளர்த்தலாம் என்று கணக்கிட்டவர் இல்லை. பெரம்பலூர் போன்ற ஊர்களுக்கு இரு கைகளும் தாமதமாகவே நீண்டன.

நீதிமன்றமோ விலைவாசியின் கண்ணாடியில் சட்டத்தைப் பார்த்தது. திங்களுக்கு 400 ரூபாய்க்கு மேல் வாடகை தரும் குடியிருப்பாளருக்குப் பாதுகாப்பில்லை என்று தமிழகச் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. 1973இல் 400 ரூபாய் செல்வர் வாடகை. 1986இல் அது நடுத்தரக் குடும்பத்தின் வாடகை என்று கண்டு, உச்ச நீதிமன்றம் அப்பிரிவை வீழ்த்தியது. நீதியரசர் சின்னப்ப ரெட்டி அந்த அமர்வில் இருந்தார். குடியிருப்போர் மகிழ்ந்தனர். 1997இல் அதே நீதிமன்றம், பம்பாய் வாடகையை 1940இன் அளவிலேயே கட்டி வைப்பது இனியும் நியாயமாகாது என்றது. இம்முறை வீட்டுக்காரர் மகிழ்ந்தனர். ஒரே விலைவாசிதான், ஒருமுறை அவர்க்கு, ஒருமுறை இவர்க்குத் துணை நின்றது.

கடைசியில் 1960 சட்டத்தையே நீக்கி, தமிழக அரசு 2017இல் புதிய சட்டம் இயற்றி, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நியாய வாடகை மறைந்தது. இருவரும் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தமே வாடகை. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவாக வேண்டும். மாவட்டத்தில் துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலர் வாடகை அதிகாரி. அவருக்கு மேல் வாடகை நீதிமன்றம். அதற்கும் மேல் தீர்ப்பாயம். முன்பணம் மூன்று திங்கள் வாடகைக்கு மேல் கூடாது. நல்ல விதி! ஆனால் அதன் வாசலிலேயே, மாறான உடன்பாடு இல்லாவிடில் என்று ஒரு சிறு தொடர் காவல் நிற்கிறது. வீடில்லாதவர் எந்த உடன்பாட்டுக்கும் உடன்படுவார் என்பது சட்டம் எழுதியவருக்குத் தெரியாதா? இன்னொன்றும் உண்டு. எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறினால், அதுவே வீட்டைக் காலி செய்யக் கோரப் போதிய காரணம். வாய்ச்சொல்லை நம்பி இருபதாண்டு குடியிருந்தவரிடம், தாள் எங்கே என்று கேட்கிறது சட்டம். முன்பு எண் உறைந்து நின்றது. இப்போது ஆள் உறைந்து நிற்கிறார்.

வரம்பு நீங்கினால் வீடு பெருகும் என்றோருக்கு 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பைக் காட்டலாம். இந்திய நகரங்களில் பூட்டிக் கிடந்த வீடுகள் ஏறத்தாழ 1 கோடியே 11 இலட்சம். 2012இல் மைய அரசின் வல்லுநர் குழு கணித்த நகர வீட்டுப் பற்றாக்குறையோ 1 கோடியே 88 இலட்சம். அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் ஏழைகளும் குறைந்த வருவாயினரும். பூட்டிய வீடும் வீடில்லாத ஆளும் ஒரே தெருவில்! வாடகைச் சட்டத்துக்கு அஞ்சிப் பூட்டினர் என்பார்கள். சிலர் அஞ்சியிருக்கலாம். ஆனால் மனை விலை ஆண்டுதோறும் ஏறும்போது, பூட்டிய வீடே வட்டி தருகிறது. குடிவைத்து வாடகை வாங்கி, சுண்ணாம்பு உரிந்தது, குழாய் உடைந்தது என்ற புகாரைக் கேட்பானேன் என்று எண்ணுவோர் பலர். பூட்டிய வீட்டுக்குக் கூடுதல் வரி என்ற எண்ணம் நம் நகராட்சி மன்றங்களில் எழுந்தால் நலம்.

இத்தனையும் பணக் கணக்கு. பணம் இருந்தும் வீடு கிடைக்காதவர் கணக்கு எந்தச் சட்டத்திலும் இல்லை. பெரம்பலூரிலோ அரியலூரிலோ ஓர் இளைஞர் வீடு கேட்டுப் போகட்டும். வாடகையை முதலில் பேசமாட்டார்கள். “சொந்த ஊர் எது? அங்கே எந்தத் தெரு? நீங்க சைவமா?” என்று நயமாகக் கேள்வி வரும். விடை பிடிக்காவிட்டால், நேற்றே ஒருவர் முன்பணம் கொடுத்துவிட்டார் என்று நயமாகவே கதவு சாத்தப்படும். 1946 சட்டம் இதைக் கேட்கவில்லை. 1960 சட்டம் கேட்கவில்லை. 2017 சட்டமும் கேட்கவில்லை. அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு கடைக்கும் உணவு விடுதிக்கும் கிணற்றுக்கும் குளத்துக்கும் வேற்றுமை கூடாது என்று பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. வாடகை வீட்டைக் குறிப்பிடவில்லை. 2005இல் அகமதாபாத்துப் பார்சி வீட்டுக் கூட்டுறவுச் சங்க வழக்கில், தம் சமூகத்தார்க்கே உறுப்பினர் இடம் என்று வைத்துக்கொள்ளும் சங்க விதி செல்லும் என்று உச்ச நீதிமன்றமே சொல்லிற்று. நியாய வாடகை எவ்வளவு என்று அறுபதாண்டு வழக்காடிய நாட்டில், நியாயமான குடியிருப்பாளர் யார் என்ற கேள்வியை வீட்டுக்காரரின் வாயிலேயே விட்டுவிட்டோம்.

பணத்துக்கும் சாதிக்கும் ஒரே செங்கல்லில் விடை தேடிய முயற்சி தமிழகத்தில் ஒன்று உண்டு. 1997இல் கலைஞர் அரசு அறிவித்த பெரியார் நினைவுச் சமத்துவபுரம். ஊருக்கு 100 வீடுகள்: ஆதிதிராவிடர்க்கு 40, பிற்படுத்தப்பட்டோர்க்கு 25, மிகப் பிற்படுத்தப்பட்டோர்க்கு 25, மற்றையோர்க்கு 10, கலந்து, அடுத்தடுத்து. முதல் ஊர் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் 1998 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அது சிற்றூருக்கான திட்டம். ஆட்சியர் அலுவலகமும் ஆலையும் கல்லூரியும் சூழ்ந்த பெரம்பலூர், அரியலூர் போன்ற நகரங்களில், சொந்தமாக அன்றி வாடகைக்கு, அதே கலப்பு முறையில் நகராட்சி கட்டும் குடியிருப்பு ஒன்று வேண்டும் என்ற தீர்மானத்தை நம் மன்றங்கள் வரும் நகராட்சிக் கூட்டத்துக்கு முன் எழுதி அனுப்பலாம். மனை இருக்கிறது; சிமெண்ட் ஆலை அடுத்த தெருவில் இருக்கிறது; அதற்குப் பர்மிட்டும் இப்போது வேண்டியதில்லை.